தொப்பென்று இறங்கிய அத்தை

எங்கள் அத்தை சின்ன விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போனபோது பிள்ளையார்பாளையத்தில் யாரும் அதை நம்பவில்லை. "தறி மெதிக்கிற காலு ஏரோப்ளேன மெதிக்கப் போவுதாமே!" என்று தெருவே சிரித்தது. அப்பாவுக்கு அவள் கடைசித் தங்கை. முதல் பரீட்சையில் தேறவில்லை. வீட்டுக்கு மூத்தவரான பெரியப்பா கறாராகச் சொல்லிவிட்டார்: "இந்தத் தடவயும் ஆவலன்னா வூட்டோட இருந்துடணும். ஆமா."

இரண்டாம் பரீட்சைக்குக் குடும்பமே வேன் பிடித்துப் போனோம். தூக்கு நிறையக் கோயில் இட்லி. நான் அப்போது இரண்டாம் வகுப்பு.

பெரியப்பாவைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். தறி ஓட்டாத நேரத்தில் அவர் கோயிலில் சாமி தூக்குகிறவர். வீதி உலா முடிந்து பல்லக்கைக் கீழே வைக்கும்போது சாமி கழுத்து மாலையில் ஒரு பூகூட ஆடக்கூடாது. ஆடினால் முன்னால் தோள் கொடுத்தவர்களுக்கு அன்று முழுக்கத் திட்டு விழும். இறக்குவது என்றால் எங்கள் வீட்டில் அந்த இறக்குதல்தான்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மழை அப்போதுதான் விட்டிருந்தது. ஓடுதளம் முழுக்கத் தண்ணீர் மினுமினுத்தது. வேலிக்கு இந்தப் பக்கம் வரிசையாக நின்றோம்.

அத்தைக்கு முன்னால் வேறொரு பையன் ஓட்டி வந்தான். சக்கரம் எப்போது தரையைத் தொட்டது என்றே தெரியவில்லை. வழுக்கிக்கொண்டு போனது, போனது, போய்க்கொண்டே இருந்தது. ஓடுதளம் முடிகிற இடத்தில் புல்லை முட்டுகிற மாதிரி நின்றது.

"சாமிய எறக்குறா மாரி எறக்கிட்டாம்பா!" என்றார் பெரியப்பா. "எம்மாந்தூரம் ஓடுது பாரு!" என்றார் அப்பா. எல்லோரும் கைதட்டினோம்.

அடுத்து அத்தை. ஓடுதளம் தொடங்கிய கொஞ்ச தூரத்திலேயே தொப்பென்று வந்து விழுந்தாள். இரண்டு பக்கமும் தண்ணீர் சிதறியது. பாதித் தூரம்கூடப் போகவில்லை, விமானம் நின்றுவிட்டது.

யாரும் கைதட்டவில்லை. அம்மா திறந்த தூக்கை மறுபடி மூடினாள். பெரியப்பா துண்டால் முகத்தைத் துடைத்தார். "போச்சு. சாமி இருந்திருந்தா உருண்டு கீழ உழுந்திருக்கும்."

எனக்கு அழுகை வந்துவிட்டது.

பிள்ளைகளே, நீங்களும் எங்களைப் போல நினைத்துவிடக் கூடாது என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறேன். ஈரத் தரையில் பூப்போல இறங்கினால் சக்கரம் தரையைப் பிடிக்காமல் தண்ணீர்மேலேயே வழுக்கிக்கொண்டு போய்விடலாம். அப்போது பிரேக் பிடித்தும் பிரயோசனம் இல்லை. அதனால் ஓடுதளத்தின் தொடக்கத்திலேயே கொஞ்சம் அழுத்தமாக இறக்குவார்கள். சக்கரம் தண்ணீரை விலக்கித் தரையைப் பிடித்துக்கொள்ளும். பிறகு பிரேக்கை மெல்ல மெல்ல அழுத்துவார்கள். அன்றைக்கு வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற ஒருவருக்கும் இது தெரியாது.

சற்று நேரத்தில் அத்தை ஓடி வந்தாள். "பாஸாயிட்டேன்!" என்று அம்மாவைக் கட்டிக்கொண்டாள். அந்தப் பையனை இன்னொரு நாள் வரச் சொல்லிவிட்டார்களாம்.

பெரியப்பா அப்பா பக்கம் குனிந்து, "பொட்டப் புள்ளயாச்சேன்னு பரீட்ச வெச்சவரு எரக்கப்பட்டு உட்டுட்டாருபோல. நல்ல மனுசன்" என்றார்.

அது அத்தை காதில் விழுந்துவிட்டது. "அண்ணா, தண்ணி நின்னா அப்டிதாண்ணா..." என்று ஆரம்பித்தாள்.

"உடும்மா. அதான் பாஸாயிட்டியே. இட்லி துண்ணு."

அத்தை என்னைப் பார்த்தாள், இட்லியைப் பார்த்தாள். நான்கு இட்லி தின்றாள்.

ஊர் திரும்பியதும் நேராகக் கோயிலுக்குப் போனோம். பெரியப்பா அத்தை பெயரில் ஒரு தேங்காய் உடைத்தார். நான் அவர் வேட்டியைப் பிடித்து இழுத்து, பாஸ் போட்டாரே, அந்த நல்லவருக்கும் ஒன்று உடைக்கவேண்டும் என்று அடம்பிடித்தேன். பெரியப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "பாரு, புள்ளைக்கு இருக்கிற நன்றிய!" என்று இன்னொரு தேங்காய் வாங்கிக் கொடுத்தார்.

அதை அத்தைதான் வாங்கி ஒரே அடியில் உடைத்தாள். பிறகு என் பக்கத்தில் நின்று, அந்த நல்லவருக்காகக் கண்ணை மூடிக் கும்பிட்டாள். நான் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தேன். அவள் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டு, நானும் இன்னும் கொஞ்சம் பக்தியாகக் கும்பிட்டேன்.