நஸ்ரீனுக்குத் தமிழ் ஏறவில்லை என்றார்கள்

ஆம்பூரை விட்டு, பள்ளிகொண்டா பக்கமாக ஹைவே ஓரத்தில் நடந்துகொண்டிருந்தேன். தோளில் பை. வேலையை விட்டாயிற்று. இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்கள் சிரிப்பீர்கள் – இவன் எந்த வேலையில்தான் நிலைத்தான்? பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவன் பள்ளி வேனில் உதவியாளாக இருந்ததே அதிசயம். பிள்ளைகளை ஏற்றுவேன், இறக்குவேன், கதவைச் சாத்துவேன்.

இந்த முறை விட்டதற்குக் காரணம் நஸ்ரீன். நாலாம் வகுப்பு.

போன வருஷம் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது, முதலில் அவள் வேனில் யாரோடும் பேசமாட்டாள். கூப்பிட்டால் திரும்பமாட்டாள். வீட்டில் உருது, அதனால் தமிழ் ஏறவில்லை என்றார்கள் பள்ளியில். ஷூ கம்பெனியில் தோல் வெட்டும் அவள் அப்பா ரஃபீக் பாயோ, ஸ்கூலில் தமிழ் பேசிப் பேசி உருது மறந்துவிட்டது என்றார். இரண்டு பக்கமும் பழி மொழி மீதுதான். அதே தெருப் பிள்ளைகள் இரண்டு மொழியிலும் வாயடிக்கிறார்களே... யாராவது யோசித்தோமா?

மேரி டீச்சர் யோசித்தார். சிறப்புக் கல்வி படித்தவர். பல பள்ளிகளுக்கு அவர் ஒருவர்தான். வாரத்தில் ஒரு நாள் எங்களுக்கு. நஸ்ரீனின் முதுகுக்குப் பின்னால் நின்று பெயர் கேட்டார். தமிழில் கேட்டார், உருதுவில் கேட்டார். அவள் அசையவில்லை. முன்னால் வந்து உட்கார்ந்து கேட்டார். இரண்டிலும் பதில் வந்தது. உதட்டைப் பார்த்துத்தான் அவள் காலம் தள்ளியிருக்கிறாள்.

வேலூரில் பரிசோதனை, காது மிஷின். அதோடு முடிந்தது என்றுதானே நாம் நினைப்போம்? மேரி டீச்சர் விடவில்லை. முன் பெஞ்சில் உட்கார வைத்தார். போர்டைப் பார்த்துக்கொண்டு பேசாதீர்கள், திரும்பிப் பேசுங்கள் என்று வகுப்பு டீச்சரிடம் சொன்னார். "புரிஞ்சுதான்னு கேக்காதீங்க, தலையாட்டிடுவா. இன்னா புரிஞ்சுதுன்னு கேளுங்க."

பைசா செலவில்லாத விஷயங்கள். ஆனால் படித்தவருக்குத்தான் தெரிந்தது.

மூன்றாம் வகுப்பு முடிவதற்குள் நஸ்ரீன் என்னையே கலாய்த்தாள். "அண்ணா, சட்டைய திருப்பிப் போட்டுனு வந்துட்டீங்க."

ஜூனில் மேரி டீச்சரை வேறு பக்கம் மாற்றினார்கள். பதிலுக்கு யாரும் வரவில்லை. நாலாம் வகுப்பில் வழக்கம்போல் உயரப்படி உட்கார வைத்தார்கள். நஸ்ரீன் நெட்டை. கடைசி பெஞ்ச்.

புது டீச்சரிடம் போய்ச் சொன்னேன். கெட்டவர் இல்லை... களைத்தவர். "முன்னாடி உக்கார வச்சா மத்த பசங்களுக்கு மறைக்குதுங்க. ட்ரெயினிங்ல இதெல்லாம் ஒரு பாடம் இருந்துச்சு. பரீட்சைக்குப் படிச்சதோட சரி."

கடைசி பெஞ்சில் மிஷினுக்கு இரைச்சல்தான் எட்டும், வார்த்தை எட்டாது. நஸ்ரீன் அதைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டாள். மார்க் சரிந்தது. ரஃபீக் பாய் படிப்பை நிறுத்த முடிவு செய்தார். அவர் வீட்டு வாசலில் நின்று கெஞ்சினேன்.

"மிஷின் போட்டும் ஏறலன்னா அவ தலைல அவ்ளோதான் தோஸ்த். பேஜார் பண்ணாத, விடு."

பக்கத்தில் நின்ற நஸ்ரீன் அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை தப்பவில்லை.

இனி நஸ்ரீன் வீட்டு வாசலில் வேன் நிற்க வேண்டாம் என்று பள்ளி ஆபீசில் சொன்னார்கள். பையை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டேன்.

நல்ல மனசு இருந்தால் போதும் என்கிறோம். எனக்கு மனசு இருந்தது. அந்த டீச்சருக்கும் இருந்தது. என்ன பிரயோஜனம்? தெரிந்தவர் ஒருவர்தான், அவர் போனதும் எல்லாம் போயிற்று. எல்லா டீச்சர்களும் அதைக் கொஞ்சமாவது படித்திருந்தால், ஒரு மாறுதல் உத்தரவில் ஒரு பிள்ளையின் படிப்பு முடிந்துபோகுமா?

மறுநாள் காலை, பள்ளிகொண்டா தாண்டி, ஷூவின் மேல்பாகம் தைக்கும் ஒரு யூனிட்டில் பெட்டி ஏற்றும் வேலை கிடைத்தது. உள்ளே வரிசையாகத் தையல் மிஷின்கள், பெண்கள். தெரிந்த பெண்கள் இருந்தால் சொல்லு, ஆள் கம்மி என்றார் சூப்பர்வைசர்.

"காது கேக்காத பொண்ணுங்கன்னா ரொம்ப நல்லது. பேசிக்கினே டைம் வேஸ்ட் பண்ணாதுங்க."

நான் பெட்டியைத் தூக்கினேன்.