வெறுங்கதிரைகளும் வெளியில் நின்ற கார்களும்

1. வந்து பார்த்தவர்கள்

"இந்த மாலைக் கிளினிக்குக்கு இனிக் காசு தர மாட்டார்கள் போலிருக்கிறது" என்று நேர்ஸ் மோரீன் சொன்னபோது நான் தரை துடைத்துக்கொண்டிருந்தேன். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. தென் லண்டனில், மிச்சம் (Mitcham) என்ற பகுதியில், ஒரு நெஞ்சு கிளினிக்கில் நான் கிளீனர்.

புதன்கிழமைகளில் மட்டும் பின்னேரமும் திறந்திருப்போம். பெற்றோல் ஸ்டேஷனிலும் கடைகளிலும் ஷிப்ட் செய்கிற எங்கள் தமிழ் ஆட்களுக்காகத் தொடங்கியது. சயரோகத்துக்கு மாதக்கணக்கில் மருந்துக் குளிசை எடுக்க வேண்டும். பகலில் வந்தால் சம்பளம் போகும். வராமல் விட்டால் குளிசை இடையில் நின்று, நோய் திரும்பி வரும். அப்போது பழைய மருந்து கேட்காது.

ஆனால் எங்கள் ஆட்கள் காத்திருக்கும் அறைக்குள் வர மாட்டார்கள். இன்னொரு தமிழர் கண்டால் கதை கோயில்வரை போகும், பிள்ளைகளின் கலியாணம் குழம்பும். கார்ப்பார்க்கில் காருக்குள்ளேயே இருப்பார்கள். முறை வந்ததும் நான் போய்க் கண்ணாடியைத் தட்டுவேன். பின்கதவால் வந்து, பின்கதவாலேயே போவார்கள்.

காசு தருகிற ஹெல்த் அதோரிட்டியிலிருந்து பார்க்க வந்தவர்கள் கண்டது வெறுங்கதிரைகளும் ஒரு வெள்ளைக்காரக் கிழவரும்தான். மாலையில் வருபவர்களுக்குத் தனிக் கணக்கும் இல்லை, எல்லாம் பகல் ஃபைல்களோடு சேர்ந்தே கிடந்தன. ஆட்கள் கார்களுக்குள் இருக்கிறார்கள் என்று மோரீன் சொன்னார். அவர்கள் சிரித்தார்கள். அடுத்த புதனும் வந்து பார்த்துவிட்டு முடிவு சொல்வார்களாம்.

2. கண்ணாடியைத் தட்டினேன்

எனக்கு ஆட்களோடு கதைக்கவே கூச்சம். அந்தப் புதன் மனதைத் திடப்படுத்திக்கொண்டு முதலில் நின்ற வான் வண்டியின் கண்ணாடியைத் தட்டினேன். உள்ளே பலசரக்குக் கடை வரதன் அண்ணை.

"என்ன தங்கச்சி, என்ர முறையே?"

"இல்லை அண்ணை. இண்டைக்கு உள்ள வந்து கதிரையில இருங்கோ. இல்லாட்டி இதை மூடிப்போடுவாங்கள்."

"உமக்கென்ன விசரே? மகளுக்குச் சம்மந்தம் பேசுறன்."

"மூடினால் எங்க போவியள்?"

"ஏன், பகல் கிளினிக் இருக்குத்தானே?"

"அப்ப கடையை ஆர் பாக்கிறது?"

அவர் கண்ணாடியை ஏற்றினார். நான் நகரவில்லை. திரும்பவும் தட்டினேன். இந்த நாட்டில் ஒருவருக்கும் சொல்லாததைச் சொன்னேன்.

"நானும் உந்தச் சிவப்புக் குளிசை திண்டனான் அண்ணை. மூத்திரம் செம்மஞ்சளாப் போகுமெல்லே? இப்ப என்னைப் பாருங்கோ, சுகமா நிக்கிறன். வாங்கோ, நானும் பக்கத்தில இருக்கிறன்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மானத்தை வாங்காதையும். வாறன்."

வரும்போது வானுக்குள் கிடந்த தமிழ்ப் பேப்பரையும் எடுத்துவந்தார். கதிரையில் இருந்ததும் அதை விரித்து முகத்தை மறைத்தார். கண்ணாடிக் கதவால் அதைப் பார்த்த அடுத்த கார்க்காரர் உள்ளே வந்து மெதுவாகக் கேட்டார்: "அண்ணை, எனக்கும் ஒரு தாள் தாங்கோ."

அதிகாரிகள் வந்தபோது எல்லாக் கதிரையிலும் ஆள். எல்லா முகத்துக்கும் முன்னால் பேப்பர். நான் கிளீனர் உடுப்போடு நடுவில் இருந்தேன்.

"இவர்கள் உண்மையில் நோயாளிகள்தானா?" என்று ஒரு அதிகாரி மோரீனைக் கேட்டார்.

வரதன் அண்ணை பேப்பரை இறக்கி மடியில் வைத்தார். தனக்குத் தெரிந்த இங்கிலீசில் சொன்னார்: "நான் கடை வைத்திருக்கிறன். பகலில வர ஏலாது. நீங்கள் இதை மூடினால் நான் குளிசையை நிப்பாட்டுவன். பிறகு கடைக்கு வாற ஆக்களுக்கு முன்னால நிண்டு இருமுவன்."

ஒவ்வொரு பேப்பராக இறங்கியது.

3. அதன் பிறகு

காசு வந்தது. கேட்டது முழுவதும் இல்லை. தமிழில் மொழிபெயர்க்க ஒருவர் வேண்டுமென்று கேட்டிருந்தோம், அதைத் தரவில்லை. மாலைக் கிளினிக் மட்டும் நிலைத்தது.

கதை பரவி, வரதன் அண்ணையின் மகளுக்குப் பேசிய சம்மந்தம் நின்றுபோனது. அடுத்த புதன் அவர் பேப்பர் இல்லாமல் வந்து முன்வரிசையில் இருந்தார். "என்னாலதான் அண்ணை" என்றேன்.

"விடும் தங்கச்சி" என்றார். "மாப்பிளை வீட்டார் மட்டும் நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துப் பாத்திட்டே வந்தவை?"

இப்போது கிளினிக் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். தேவை இருந்தால் அரசாங்கம் தானாகக் காசு தரும் என்று நானும் நினைத்திருந்தேன். தேவையுள்ளவர் வந்து கதிரையில் இருந்தால்தான் தருகிறார்கள். அவரை அங்கே வந்து இருக்கப் பண்ணுவதும் எங்கள் வேலைதான். தேவைப்பட்டால் முதலில் நாங்களே போய் அந்தக் கதிரையில் இருக்க வேண்டும்.