என் வயிற்றைப் படமெடுத்த கதை

குருவிட்டப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பள்ளிக்கூட டீச்சராக இருக்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் என் குதிகாலில் இருந்த கறுப்பு மச்சத்தை வெட்டியெடுத்தார்கள். மெலனோமா, ஒரு வகைத் தோல் புற்றுநோய் என்றார்கள். எடுத்தாயிற்று, தொல்லை விட்டது என்றிருந்தேன். பிறகு வயிறு வலிக்கத் தொடங்கியது. சாப்பிட்டால் முறுக்கிப் பிடிக்கும். தோட்டத்து டிஸ்பென்சரியில் வாயுவுக்குக் குளிசை கொடுத்தார்கள். வாயு போனது, நிறையவே போனது. வலி போகவில்லை.

மச்சத்தை வெட்டிய ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் காட்டியபோது, இரத்தினபுரிக்குப் போய் சிடி ஸ்கேன் எடுத்துவரச் சொன்னார்கள். என் கணவர் த்ரீவீலர் ஓட்டுகிறவர். தேவையில்லாத இடத்திலெல்லாம் ஹோர்ன் அடித்துக்கொண்டே வந்தார், பயம் அப்படி. ஸ்கேன் எடுக்கும் இடத்தில் மருந்து கலந்த தண்ணீரைக் குடி, இன்னும் குடி என்றார்கள். கல்யாண வீட்டில்கூட என்னை யாரும் அவ்வளவு உபசரித்ததில்லை.

பிறகு கவுனை மாட்டிப் படுக்கவைத்து, கையில் ஊசி ஏற்றினார்கள். மெஷினை இயக்கிய பெண் சிங்களத்தில் முன்கூட்டியே சொன்னாள்: "மிஸ், உடம்பு சூடாகும். ஒண்ணுக்குப் போன மாதிரி இருக்கும். ஆனா போயிருக்க மாட்டீங்க."

சூடு தொண்டையில் தொடங்கி இடுப்புக்குக் கீழே இறங்கியது. இவள் பொய் சொல்கிறாள், நான் போயேவிட்டேன் என்று முடிவுசெய்தேன். மூச்சைப் பிடி, விடு என்று மெஷின் அதட்டிய நேரமெல்லாம், ஈரக் கவுனை எந்த முகத்தோடு திருப்பிக் கொடுப்பது என்பதே என் கவலை. எழுந்ததும் தடவிப் பார்த்தேன். காய்ந்துதான் இருந்தது. அந்தச் சந்தோஷத்தில் புற்றுநோயே மறந்துபோனது.

முடிவைக் கேட்க டொக்டரிடம் போனோம். நாங்கள் உட்காருவதற்குள் கணவர் அரைகுறைச் சிங்களத்தில், "டொக்டர், நோனாட்ட கியன்ன எப்பா" என்று கெஞ்சினார். மனைவிக்குச் சொல்லாதீர்கள் என்கிறாராம். பள்ளிக்கூடத்தில் சிங்களமும் சொல்லிக்கொடுப்பவள் நான்.

"என்கிட்டயே சொல்லுங்க டொக்டர். அவர்கிட்ட சொன்னா விழுந்துடுவாரு" என்றேன் நானும் சிங்களத்தில்.

டொக்டர் திரையை என் பக்கம் திருப்பினார். குறுக்கே வெட்டிய பலாக்காய் போல, சாம்பல் நிறத்தில் என் வயிறு. கல்லீரலில் மங்கலாக இரண்டு பொட்டு. சிறுகுடலில் ஒரு கட்டி; அது இழுத்த இழுப்பில் குடல் தனக்குள்ளேயே மடிந்து நுழைந்திருந்தது. காலில் இருந்ததுதான் இங்கே பரவியிருக்கிறது என்றார். கணவரைப் பார்த்தேன். அவர் நாற்காலியிலிருந்து சரிந்துகொண்டிருந்தார்.

நோயாளிக் கட்டிலில் அவரைப் படுக்கவைத்தார்கள். நர்ஸ் சீனித் தண்ணீர் புகட்டினாள். "இவருக்கும் ஒரு ஸ்கேன் எடுப்பமா?" என்றார் டொக்டர். சிரித்தேன். சிரிப்பு எங்கேயோ அழுகையாக மாறிவிட்டது. கணவர் படுத்தபடியே என் கையைப் பிடித்தார்.

"நீ இல்லாட்டி எனக்கு ஒரு சோறு ஆக்கத் தெரியாதுடி."

"அதுக்குத்தான் பயந்தீங்களா?"

"அதுக்குந்தான்."

கட்டி இருந்த குடல் துண்டை வெட்டி, மிச்சத்தைத் தைத்தார்கள். கல்லீரலுக்காக, உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் மருந்தைக் கிளினிக்கில் ஏற்றுகிறார்கள். பார்க்க வந்த நாத்தனார், "கண்ணு பட்டிருச்சு அண்ணி" என்றாள். என் குதிகாலை யார் பார்த்துப் பொறாமைப்பட்டது என்று கேட்டேன். தேத்தண்ணி குடிக்காமலே போய்விட்டாள்.

போன மாத ஸ்கேனில் பொட்டுகள் சிறுத்திருந்தன; புதிதாக ஒன்றுமில்லை. குணமாகிவிட்டது என்று டொக்டர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. திரும்பும் வழியில் குருவிட்டயில் நிறுத்திக் கொத்துரொட்டி சாப்பிட்டோம். அவர் தன்னுடையதை முடித்துவிட்டு என் தட்டில் கை வைத்தார். கையைத் தட்டிவிட்டு நானே முழுவதையும் சாப்பிட்டேன்.