காலுக்குள் உறைந்த தயிர்

என்னைப் போன்ற முட்டாளை மயிலாப்பூர் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. நீண்ட பேருந்துப் பயணம் முடிந்து வந்த என் மனைவிக்கு இடது கெண்டைக்கால் வீங்கியிருந்தது. மாட வீதியில் வாங்கிய தைலத்தை ஊற்றி, ஒரு மாலை முழுக்க அழுத்தித் தேய்த்தேன். வலிக்கிறது என்றாள். வலித்தால்தான் வேலை செய்கிறது என்று அர்த்தம் என்றேன்.

மறுநாள் வீக்கம் கூடிவிட்டது. அடையாற்றில் ஒரு பெண் மருத்துவரிடம் போனோம். ஸ்கேன் பார்த்ததும் அவர் முதலில் கேட்டது, காலை யாராவது தேய்த்தார்களா என்றுதான். மனைவி என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. தைல வாசனை காட்டிக்கொடுத்தது.

காலின் ரத்தக் குழாயில் கட்டி, த்ராம்போசிஸ் என்றார். பேண்டு வாத்தியத்தின் பெயர் மாதிரி இருக்கிறதே என்று உளறினேன். அவர் கோபப்படாமல் விளக்கியதை நினைத்தால் இன்றும் கும்பிடத் தோன்றுகிறது. கிரேக்கத்தில் த்ராம்போஸ் என்றால் கட்டி. ரத்தக் கட்டிக்கும் அதுதான் சொல், திரிந்து கட்டியான பாலுக்கும் அதுதான்.

"நாமளும் அப்படித்தானே சொல்றோம் சார்? பாலும் உறையுது, ரத்தமும் உறையுது."

எங்கோ கடல் தாண்டி இருந்தவனுக்கும் நம் சமையலறைக்கும் ஒரே கண். நான் வாயைப் பிளந்தேன். அந்தக் கட்டி பிய்த்துக்கொண்டு நுரையீரலில் போய் அடைத்தால் அதற்கு எம்போலஸ் என்று பெயராம். அதுவும் கிரேக்கம்தான்.

"ஆப்புன்னு அர்த்தம். நேத்து நீங்க வைக்கப் பாத்தது அதைத்தான்."

நல்லவேளை, கட்டி நகரவில்லை. இனி அது அசையாமல் இருந்த இடத்திலேயே கரைய வேண்டும்.

முதல் சில நாட்கள் வயிற்றில் ஊசி. மனைவி தானே போட்டுக்கொண்டாள், முகம் சுளிக்காமல். நான் சுவரைப் பார்த்தபடி அவளுக்குத் தைரியம் சொன்னேன். பிறகு மாத்திரை. லேசாக இருமினாலும் எனக்குத் தூக்கிவாரிப்போடும். அவளோ தலையணைமேல் காலை நீட்டிக்கொண்டு, உப்பு எங்கே, உளுந்து எங்கே என்று என்னைச் சமைக்க வைத்தாள்.

சில மாதங்கள் கழித்து ஸ்கேனில் கட்டி கரைந்துவிட்டது தெரிந்தது. அன்று கொண்டாட்டமாகத் தயிர்சாதம் செய்யலாம் என்று காலையிலேயே பாலுக்கு உறை ஊற்றினேன். உறைந்துவிட்டதா என்று மூடியைத் திறப்பதும், பாத்திரத்தைச் சாய்ப்பதும், விரலால் தொடுவதுமாக இருந்தேன். மதியமாகியும் பால் பாலாகவே இருந்தது. உறையக் கூடாதது உறைகிறது, உறைய வேண்டியது உறையவில்லையே, என்னதான் செய்வது என்று அவளிடம் புலம்பினேன்.

"கையை வைக்காதீங்க."