ஞானப்பிரகாசம் பாலம் அல்ல

ஞானத்தின் மனைவி ரெஜினா ஒடென்சேயிலிருந்து தொலைபேசி எடுத்தபோது நான் லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தேன். "அவர் போயிட்டார் அக்கா" என்றார். நித்திரையிலேயே போய்விட்டாராம். கத்தியை வைத்தேன். பின்னேரம் பேத்தி தன் போனில் ஒரு மரண அறிவித்தலைக் காட்டினாள். "வடிவா எழுதியிருக்கினம் அம்மம்மா. நாடுகளுக்கு நடுவிலை பாலமா இருந்தவராம்."

பாலமா? எழுதியது யாரென்று கேட்டேன். அந்த நட்புத் திட்டக்காரர்கள்தான். அதனால்தான் நானும் எழுதுகிறேன். ஞானத்துக்குக் கூடப்பிறக்காத அக்கா, ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவள் நான். எழுத்தில் பிழை இருக்கலாம், விஷயத்தில் இராது.

ஞானத்தை அறிந்தவர்களுக்கு அந்தத் திட்டம் நினைவிருக்கும். டென்மார்க், சுவீடன், நோர்வே, பின்லாந்து என்று பக்கத்துப் பக்கத்து நாடுகளில் கெட்டிக்கார இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து, ஒருவர் நாட்டுக்கு மற்றவரை அனுப்பி, நாளைய தலைவர்களாக்குகிறோம் என்றார்கள். அகதிகளில் ஞானத்தை எடுத்தார்கள். டெனிஷ் மளமளவென்று கதைப்பார், எங்கள் தமிழ்ச் சங்கத்தையும் நடத்தினார். மால்மோவில் ஒரு மேடை, ஒஸ்லோவில் ஒரு மேடை. எல்லைகள் இல்லாத நட்பு என்று அவரை நடுவில் நிறுத்திப் படம் பிடித்தார்கள்.

அதே நாட்களில் ரெஜினாவும் கைக்குழந்தையும் யாழ்ப்பாணத்தில் ஷெல்லுக்குள் கிடந்தார்கள். அவர்களைக் கூப்பிட ஞானம் போட்ட மனு கோபன்ஹேகனில் தூங்கியது. அவருடையது மட்டுமல்ல, எங்கள் ஆட்கள் எல்லாருடையதும். சட்டம் தந்த உரிமையை மேலே இருந்தவர்கள் வேண்டுமென்றே அமுக்கி வைத்திருந்தார்கள் என்பது பிறகுதான் வெளியே வந்தது. ஞானத்துக்கு அப்போதே தெரியும். "அக்கா, எனக்கு எல்லா எல்லையும் திறக்குது, அவளுக்கு ஒண்டும் திறக்குதில்லை" என்பார்.

ஒடென்சேயில் திட்டக்காரரின் அந்த வருசத்துப் பிரியாவிடை விருந்து நடந்த மண்டபத்தில்தான் நான் குசினியில் சமையல் வேலை செய்தேன். அழைப்பில் மனைவி பிள்ளைகளோடு வரலாம் என்றிருந்தது. ஞானம் குசினிக்குள் வந்தார்.

"அக்கா, என்ரை பக்கத்திலை ரெஜினாவுக்கு இடம் சொல்லியிருக்கிறன். பிள்ளைக்கு உயரக் கதிரை ஒண்டு கொண்டந்து வையுங்கோ."

"விசா வந்திட்டுதோடா!"

"இல்லை."

"அப்ப ஆருக்கடா கதிரை? உனக்கென்ன விசரோ?"

"அழைச்சது அவை. நான் ஓம் எண்டு சொன்னன். அவ்வளவுதான்."

களஞ்சியத்திலிருந்து கதிரையை இழுத்து வந்து வைத்தேன்.

இந்த நாட்டில் மேசையில் எல்லாரும் வந்து இருக்கும்வரை ஒருவரும் கரண்டியைத் தொடமாட்டார்கள். ரெஜினாவின் பெயர் எழுதிய அட்டை தட்டின் முன்னால் நிற்கிறது, ஆள் இல்லை. காத்திருந்தார்கள். சூப் ஆறிக்கொண்டிருந்தது. கடைசியில் திட்டத்தின் தலைவி எழும்பி வந்து, உங்கள் மனைவி பிந்துகிறாரா என்று சிரித்தபடி கேட்டார். ஞானம் எழுந்து நின்றார். டெனிஷில் சொன்னதை நான் எங்கள் பேச்சில் எழுதுகிறேன்.

"ஓம், பிந்திறா. உங்கடை ஆக்கள் மறிச்சு வைச்சிருக்கினம். நீங்கள் இத்தினை பேரும் சேர்ந்து கேட்டால் விடுவினம். நீங்கள்தானே நாளைக்குத் தலைவர்மார்?"

தலைவியின் சிரிப்பு போய்விட்டது. "இது அரசியல் பேசும் இடமில்லை, இது நட்பின் இரவு" என்றார்.

"நான் அரசியல் கதைக்கேல்லை. என்ரை மனுசியைப் பற்றிக் கதைக்கிறன்."

அந்த நாளைய தலைவர்களில் ஒருவர் பாணைப் பிய்த்தார், ஒருவர் யன்னலைப் பார்த்தார். தலைவி கரண்டியை எடுத்தார். உடனே எல்லாரும் எடுத்தார்கள். ஆறிய சூப்பை நல்ல ருசி என்று சொல்லிக் குடித்தார்கள். ஞானம் குடிக்கவில்லை.

அதன்பின் அவரை எந்தப் பயணத்துக்கும் கூப்பிடவில்லை. எங்கள் சங்கத்துச் செயலாளர் வீடு தேடி வந்து, "சாப்பாடு போட்ட இடத்திலை ஏன் தம்பி கரைச்சல் குடுத்தனி? எங்கள் எல்லாருக்கும் கெட்ட பேர்" என்றார். அந்தச் செயலாளரின் மனைவி மக்கள் அப்போதே இங்கே, கோபன்ஹேகன் பக்கத்து ஹ்விடோவ்ரேயில், அவரோடுதான் இருந்தார்கள். அவர் இன்னும் உயிரோடு இருக்கிறார், இதை வாசிப்பார். வாசிக்கட்டும்.

கடைசியில் மனுக்கள் அசைந்தன. ரெஜினா வந்தார், தனியாக. இந்தியப் படை வந்த காலத்தில், இடம்பெயர்ந்து படுத்திருந்த பள்ளிக்கூடத்தில், மருந்தில்லாமல் காய்ச்சலில் பிள்ளை போய்விட்டது. விமான நிலையத்தில் ஞானம் ரெஜினாவின் முகத்தைப் பார்க்க முதல் கைகளைத்தான் பார்த்தார். நான் பக்கத்தில் நின்றேன். அந்தப் பார்வையை எனக்கு மறக்கத் தெரியாது.

சில வருசங்களில் அந்த மனு விவகாரத்தால் டெனிஷ் அரசாங்கமே விழுந்த பிறகு, தலைவி பூங்கொத்தோடு வந்தார். எல்லாம் நல்லபடி முடிந்ததில் மகிழ்ச்சியாம். ஞானம் பூவை வாங்கவில்லை. "என்ரை மகன் இன்னும் வரேல்லை" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். அவ்வளவு மரியாதையான மனிதர் யார் முகத்திலும் கதவு சாத்தி நான் கண்டது அந்த ஒரு முறைதான். அந்தக் கதவைத்தான் இப்போது பாலம் என்று எழுதியிருக்கிறார்கள்.

தேவாலயத்தில் நடந்த அடக்கப் பூசைக்குத் திட்டக்காரர்கள் மலர்வளையம் அனுப்பியிருந்தார்கள். நான் அதைப் பெட்டியருகில் வைக்க விடவில்லை. பூசை வைத்த சுவாமி என்னை ஒரு பக்கமாகக் கூட்டிப்போனார். "அம்மா, இத்தினை வருசமாச்சு. மன்னிச்சு விடலாமே?"

ஞானத்திடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது அவருடைய கோபம் ஒன்றுதான். அது நியாயமான கோபம். சாகும்வரை அதை நான் பார்த்துக்கொள்வேன். சுவாமியிடம் இப்படித்தான் சொன்னேன்.

"அவையள் இன்னும் மன்னிப்புக் கேக்கேல்லையே சுவாமி. முதல்லை வந்து கேக்கட்டும்."