சிக்காத காகிதம்

மதியச் சாப்பாடு முடிந்தால் நாகல் நகரில் அந்தத் தெரு அடங்கிவிடும். ஆட்டோச் சத்தம்கூடத் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் மங்கலாகக் கேட்கும். பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஈரக்கையை முந்தானையில் துடைத்தபடி சகாயராணி கம்ப்யூட்டர் முன்னால் வந்து உட்காருவது அந்த நேரத்தில்தான்.

கல்யாணத்துக்கு முன்பு புளி மண்டியில் டைப் அடித்துக்கொண்டிருந்தவள். கணவர் ஆண்டனிராஜ் நத்தம் பஸ்ஸில் கண்டக்டர்; விடியுமுன் போனால் விளக்கு வைத்த பிறகுதான் வீடு திரும்புவார். இரண்டாயிரத்து நான்கில் ஒரு பழைய கம்ப்யூட்டரையும் புதுப் பிரிண்டரையும் வாங்கி மேற்கு ஜன்னலோரம் போட்டுக்கொண்டு, காதுகுத்துப் பத்திரிகை, பள்ளிக்கூடத்து வினாத்தாள் என்று அக்கம்பக்கத்து வேலைகளை எடுத்துச் செய்தாள். பிரிண்டர் தாளை இழுக்கும் ஓசையில் அவளுக்குக் கண் சொருகும். தூங்குகிறோமா விழித்திருக்கிறோமா என்று தெரியாத அந்த நிலையில், வெள்ளைத் தாளில் எழுத்துகள் வரிவரியாக இறங்கி வருவதைப் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

அந்த மாசியில் பிரிண்டர் பொய் சொல்ல ஆரம்பித்தது.

திரையில் ‘பேப்பர் ஜாம்’ என்று வரும். மூடியைத் திறந்து பார்த்தால் உள்ளே ஒரு துணுக்குக் காகிதம் இருக்காது. தாள்களைத் தட்டி அடுக்கி மறுபடி வைப்பாள். வயரைக் கழற்றி மாட்டுவாள். அணைத்துவிட்டுச் சற்றுப் பொறுத்துப் போடுவாள். திரும்பவும் அதே செய்தி. பொழுது சாய்ந்ததும் ஒன்றுமே நடக்காததுபோல் மளமளவென்று அடித்துத் தள்ளும்.

“மதியத்துல மட்டும் சிக்கிக்கிச்சுங்குது. உள்ள பாத்தா ஒண்ணுமில்ல” என்றாள் கணவரிடம்.

“தூக்கக் கலக்கத்துல எதையாச்சும் அமுக்கியிருப்ப, ராணி” என்றார் அவர், சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே.

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் அந்தப் பேச்சு அவளுக்குள் தங்கிவிட்டது. அந்த எழுத்துகளை நிஜமாகவே பார்த்தோமா, சொக்கிய கண்ணுக்குள் தோன்றியதா என்று அவளுக்கே ஐயம் வந்தது. அதற்குப் பிறகு மதியங்களில் முகத்தைக் கழுவிக்கொண்டு, விறைப்பாக நிமிர்ந்து உட்கார்ந்தாள். அப்போதும் வந்தது.

பிரிண்டரை விற்ற சேக் பரீது பொழுது சாய்ந்த பிறகு வந்து உருளையைத் துடைத்தார். மென்பொருளை அழித்துப் புதிதாக ஏற்றினார். அவர் முன்னால் அது ஒழுங்குப்பிள்ளையாக அச்சடித்தது.

“மதியம் வந்து பாருங்க பாய்.”

“அந்நேரம் கடைய விட்டு வர முடியாதேக்கா. ஆனா நீங்க சொல்றத நம்புறேன். எனக்குத்தான் காட்ட மாட்டேங்குது” என்றார் அவர், கவலையாக.

நம்புகிறேன் என்று ஒருவர் சொன்னதே அவளுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

அந்த வாரம் ஆயக்குடி முத்துக்கிருஷ்ணன் தன் தோட்டத்துக் கொய்யாப் பெட்டிகளில் ஒட்ட லேபிள் கேட்டிருந்தார். இலையோடு ஒரு கொய்யாவைச் சகாயராணியே கம்ப்யூட்டரில் வரைந்திருந்தாள். சாயங்காலம் வருவதாகச் சொன்ன மனிதர், லாரி முன்னமே வந்துவிட்டதென்று மதியமே வந்து நின்றார். நல்ல ஆகிருதி. வாசலை அடைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தார்.

“ஏனுங்க அம்மிணி, ஆச்சுங்களா?”

திரையில் அந்தச் செய்தி. அவள் மூடியைத் திறந்து காட்டி மூடினாள். “தாளு ஒண்ணும் சிக்கலண்ணே. ஆனா சிக்கியிருக்குன்னு சொல்லுது.”

“மெதுவாப் பாருங்க. நான் காத்தாட நிக்கறேனுங்க” என்று ஜன்னலருகே போய் நின்று துண்டால் விசிறிக்கொண்டார்.

பழக்கத்தில் அவள் பொத்தானை அமுக்கினாள். பிரிண்டர் தாளை இழுத்தது. பச்சைக் கொய்யாக்கள் வரிசையாக வெளியே வந்தன. பார்க்கும் ஆசையில் அவர் மேசைக்கு வந்தார், சட்டென்று நின்றுபோனது. ‘பேப்பர் ஜாம்.’ பதறிப்போய் அவர் பழைய இடத்துக்கே போனார். அவள் அமுக்கினாள், மறுபடி ஓடியது.

“என்னங்க இது, நான் அங்க நின்னாத்தான் ஓடுமாட்ட இருக்குது!” என்று சிரித்தார்.

அவள் சிரிக்கவில்லை. பிரிண்டர்மேல் விழுந்திருந்த அவருடைய நிழலையே பார்த்தாள். நிழலின் விளிம்பில் வெயில் தேன்போலத் தேங்கி நின்றது.

“அண்ணே, செத்த தள்ளிக்கங்க.”

அவர் நகர்ந்தார். வெயில் மேசைமேல் வழிந்து, தாள் நுழையும் வாய்க்குள் நேராக இறங்கியது. பிரிண்டர் நின்றது. பரீட்சை அட்டை ஒன்றை எடுத்து வெயிலுக்குக் குறுக்கே பிடித்துக்கொண்டு பொத்தானை அமுக்கினாள். ஓடியது.

அப்போதுதான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். அடுத்த மனையில் வீடு கட்டுவதற்காக, அங்கே நின்ற வாகை மரத்தை மாசித் தொடக்கத்தில் வெட்டியிருந்தார்கள். வெட்டியதை அவள் பார்த்தாள்தான். மனசு கேட்காமல் அன்றைக்கு மட்டும் ஜன்னலைச் சாத்தியும் வைத்தாள். இத்தனை நாளும் மேற்கு வெயிலை அந்த இலைகள்தாம் தாங்கியிருந்தன என்பது இப்போதுதான் உறைத்தது. வெறும் வானம் கண்கூச நின்றது.

லேபிள் முழுவதும் அடித்து முடிகிறவரை முத்துக்கிருஷ்ணனே அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் போனதும் சேக் பரீதுக்குப் போன் போட்டுச் சொன்னாள். மறுமுனையில் அவர் கூவியேவிட்டார்.

“தாள் இருக்கா இல்லையான்னு பாக்க உள்ள சின்னக் கண்ணு ஒண்ணு இருக்குக்கா. வெளிச்சத்த வச்சுத்தான் அதுக்குத் தெரியும். வெயிலு நேரா அடிச்சதும் கூசிப்போச்சு! பாவம், அது தெரிஞ்சு பொய் சொல்லல.”

இரவுச் சாப்பாட்டின்போது சகாயராணி நடந்ததைச் சொன்னாள். ஆண்டனிராஜ் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு முழுசாகக் கேட்டார். “கலக்கமெல்லாம் உனக்கில்ல, எனக்குத்தான்” என்று மட்டும் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும், அவரே நீளமாக வயர் இழுத்து மேசையை எதிர்ச் சுவரோரம் மாற்றிப் போட்டார்.

ஜன்னலோரம் காலியாகக் கிடந்த இடத்தில் அவள் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டாள். பிரிண்டர் அதன்பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருக்க, மடியில் விழும் வெயிலில் கைகளை வைத்தபடி கண்ணை மூடிக்கொள்வாள். இமைகளுக்குள் எல்லாம் செம்மஞ்சளாக இருக்கும். தாள் தீர்ந்து ஓசை அடங்கினால் எழுந்து போவாள்.