மிச்சம் வைக்காத மருந்து

எங்கள் தெருவில் ஒருவருக்கு உடம்புக்கு முடியவில்லை என்றால் வெறுங்கையோடு பார்க்கப் போகக் கூடாது. மற்ற ஊர்களில் ஆரஞ்சுப் பழம் வாங்கிப் போவார்கள். எழுபதுகளில் தூத்துக்குடியில் எங்கள் தெருக்காரர்கள் கேப்ஸ்யூல் கொண்டுபோனார்கள். அவரவர் காய்ச்சலுக்குத் தின்றது போக மிஞ்சியது, அஞ்சறைப் பெட்டியில் கடுகுக்குப் பக்கத்தில் கிடக்கும்.

என் வீட்டுக்காரர் கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப்போகும் தோணியில் தண்டல். பாய்மரத்துக்கும் ஆட்களுக்கும் அவர்தான் தலைவர். சிமெண்டு மூட்டை சரிந்து கணுக்காலுக்கு மேலே எலும்பு முறிந்தது. இரும்புப் பிளேட்டு வைத்துத் திருகாணி முடுக்கி அனுப்பினார்கள். தையல் ஓரத்தில் சீழ் கசிந்ததுதான் தாமதம், தெருவே திரண்டு வந்துவிட்டது. கட்சிக் கொடி மாதிரி கறுப்பும் சிவப்புமாக ஒன்று, மஞ்சளில் ஒன்று, கப்பல்காரர் கொடுத்ததாகப் பெயர் படிக்க முடியாத ஒன்று. மருந்துக்கடை அண்ணாச்சியோ டாக்டர் சீட்டே கேட்க மாட்டார். "ரெண்டு போதுமா, மூணு தரவா?" என்பார், வெற்றிலை விற்கிற மாதிரி.

டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்தும் இருந்தது. சீழ் வற்றியதும் இவர் அதை நிறுத்திவிடுவார். "நல்லாயிட்டுல்லா, பெறவு எதுக்குளா வீணாக்கணும்?" மிச்சம் பல்வலிக்காரனுக்கும் காதுவலிக்காரிக்கும் தானமாகப் போகும். கேட்டவர்களுக்கு இல்லை என்று சொல்லத் தெரியாத மனுசன். அந்தப் பெருமையை ஊர் பேசியது. சீழ்த்துணியை நான் துவைத்தேன். எரிச்சலாக வரும். அடுத்த மாதம் மறுபடி கசியும், மறுபடி தெரு வரும்.

கடைசியில் குளிர்காய்ச்சலே வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் சீழை எடுத்துப் பரிசோதித்தார்கள். தெரு கொடுத்த அத்தனை மருந்துக்கும் கிருமி அசையவில்லை.

"தண்டல், தோணி அடியில கொட்டலசு ஓடு ஓடா ஒட்டினா என்ன செய்வீங்க?" என்று கேட்டார் டாக்டர்.

"கரையில ஏத்திச் சுரண்டுவோம்."

"கிருமியும் அப்படித்தான் இரும்புல அப்பிக்கிடக்கு. பாதிப் பாதியா மருந்து தின்னு அதைப் பழக்கியும் வச்சிருக்கீங்க. எலும்பு கூடிட்டுது, பிளேட்டை எடுத்துச் சுரண்டிருவோம். ஒரே ஒரு வகை ஊசி மருந்துக்குத்தான் அது சாவுது. கடைசிப் புட்டி வரைக்கும் போடணும். அதுவும் கேக்கலன்னா காலை எடுக்க வேண்டியதுதான்."

ஒற்றைக்காலோடு தண்டல் ஏது? இவர் மாதாவுக்கு வெள்ளிக் கால் நேர்ந்துகொண்டார். மிச்சம் வைக்காத புத்தியையும் இவருக்குக் கொடும் தாயே என்று நான் கூடச் சேர்த்துக்கொண்டேன்.

பிளேட்டை எடுத்தார்கள். மெட்ராஸிலிருந்து வரவழைத்த ஊசிப் புட்டிகள் ஆஸ்பத்திரிக் கட்டிலருகே பெட்டியில் இருந்தன. சில நாளில் புண் காய்ந்தது, காய்ச்சல் விட்டது. அப்போதிருந்துதான் நான் புட்டிகளை எண்ணத் தொடங்கினேன். இவருக்கு நல்லாகும்போதுதானே கொடுக்கக் கை நீளும்.

நினைத்தபடி அவருடைய அக்கா வந்தாள். தாயில்லாத இவரை இடுப்பில் தூக்கி வளர்த்தவள்.

"ஏலே தம்பி, புண்ணுதான் காஞ்சிட்டே. மருமவனுக்கு முதுகுல கட்டி. ரெண்டு புட்டி குடு, கம்பவுண்டர் போட்டுருவாரு."

இவர் பெட்டியைப் பார்த்தார், காலைப் பார்த்தார்.

"இல்லக்கா."

"கண்ணு முன்னால இருக்கேலே."

"இருக்கு. தர மாட்டேன்."

அவள் எழுந்து போனாள். பொண்டாட்டி சொக்குப்பொடி போட்டுவிட்டாள் என்று தெருவெல்லாம் சொன்னாளாம். சொல்லட்டும். இவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு அழுதார். நான் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கடைசிப் புட்டியும் ஏறியது. கால் தங்கியது. தங்கள் கேப்ஸ்யூலால்தான் பிழைத்தது என்று வீட்டுக்கு வீடு சொல்லிக்கொண்டார்கள். லேசாக விந்தி விந்தி இவர் மறுபடி தோணி ஏறிய அன்று, தெருவே வழியனுப்ப வந்தது. அக்கா வரவில்லை. பாய் விரிக்கும்வரை இவர் கரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.